கடைசிப் பெயர்

வாயாடி என்று என்னைப் பலரும் சொல்லியிருக்கிறார்கள். அதில் எனக்கு வருத்தமில்லை. நாலு பேர் பேச்சைக் கேட்பதும் அதைத் திருப்பிச் சொல்வதும்தான் என் சொத்து. பெரியப்பா மகன் சொன்னது மட்டும் முள்ளாகத் தங்கிவிட்டது.

கல்வராயன் மலைப் பெண்கள் குழு, தேனையும் புளியையும் நேரடியாக விற்க ஓர் இணையதளம் வேண்டுமென்று கூடியிருந்தது. கள்ளக்குறிச்சியில் ஜெராக்ஸ் கடை நடத்திக்கொண்டே அந்த வேலையை நானாகக் கற்றிருந்தேன். பேச எழுந்தேன். அதே வேலையைக் கேட்டு வந்திருந்த அந்த அண்ணன், அத்தனை பேர் முன்னால் சிரித்தான்.

“வாய மூடிக்கினு உக்காரு. ஜெராக்ஸ் போடற பொண்ணுக்கு இன்னா தெரியும்?”

வேலை அவனுக்குப் போனது. இதே கூட்டத்தில் இவன் வாயை மூடிக்கொண்டு உட்காருவதை ஒருநாள் பார்த்தே தீருவேன் என்று அன்றைக்கே நினைத்துக்கொண்டேன்.

தளம் வந்தது. பாதிப் பெண்கள் பதிவே செய்யவில்லை; செய்தவர்களின் பெயர்களும் தாறுமாறு. “படிக்காத ஜனம், நான் இன்னா பண்றது?” என்றான். நான் குழுத் தலைவியிடம் போனேன்.

“நாலு பேரு அவங்க போன்லயே பதிவு பண்ணட்டும்க்கா. அண்ணன் உக்காந்து பாக்கட்டும். ஒரே சட்டந்தான்: தளத்த செஞ்சவங்க வாயத் தெறக்கக் கூடாது.”

சட்டம் நான் இட்டுக்கட்டியதல்ல. பக்கத்திலிருந்து சொல்லிக்கொடுத்தால், எங்கே தடுக்குகிறது என்பதே தெரியாமல் போய்விடும். ஆனாலும் அதைச் சொன்னபோது நாக்கில் வெல்லம் கரைந்தது.

முதல் பெண் சத்தமாகப் படித்தாள். “முதல் பெயர்... பெரியவன் பேரா? கடைசிப் பெயர்... கடைசி இப்பத்தான் அங்கன்வாடிக்குப் போய்க்கினு கீது, அது பேரு எதுக்கு இவங்களுக்கு?”

ஆங்கிலப் படிவத்தின் ‘ஃபர்ஸ்ட் நேம்’, ‘லாஸ்ட் நேம்’ இரண்டையும் அண்ணன் அப்படியே தமிழாக்கி வைத்திருந்தான். கடைசி என்றால் இங்கே கடைக்குட்டிதானே! இரண்டு பிள்ளைகள் பெயரையும் போட்டுவிட்டாள். நாற்காலியில் துள்ளிய அண்ணனைப் பார்த்து உதட்டில் விரல் வைத்தேன்.

அடுத்தவள், “எனக்கு ஒண்ணே ஒண்ணு. முதலும் அதான், கடைசியும் அதான்” என்று ஒரே பெயரை இரண்டு கட்டத்திலும் அடித்தாள். கூட்டம் சிரித்தது. அண்ணன் கழுத்தெல்லாம் வியர்வை. மின்விசிறியை என் பக்கம் திருப்பிக்கொண்டேன்.

மூன்றாமவள் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு போனைக் கீழே வைத்தாள்.

“ஏங்க்கா வெச்சிட்டீங்க?”

“எனக்குப் புள்ளைங்க இல்லம்மா. இது புள்ள பெத்தவங்களுக்குத்தான் போலன்னு அன்னிக்கே வுட்டுட்டேன்.”

அவள் புளியெல்லாம் விற்காமல் வீட்டிலேயே கிடந்தது. இப்போது யாரும் சிரிக்கவில்லை. அண்ணன் அவள் பக்கம் திரும்பி வாயெடுத்தான். மன்னிப்புக் கேட்கத்தான் என்று முகமே சொன்னது. நான் விடவில்லை.

“இன்னும் ஒருத்தர் கீறாங்க. உக்காருண்ணா.”

உட்கார்ந்தான், வாயை மூடிக்கொண்டு.

முடிந்ததும் தலைவி என்னிடம், “இனிமே நீயே செஞ்சிடும்மா” என்றார்.

“வேணாங்க்கா. அண்ணனே திருத்தட்டும். ஒவ்வொரு தடவ திருத்தனதும் இதே மாதிரி வந்து உக்காரட்டும்.”

இப்போது அங்கே ஒரே கட்டம்தான்: ‘உங்க பேரு’. அந்த மூன்றாமவளின் புளி விற்றுப்போனது. தளத்தில் சின்ன மாற்றம் செய்தாலும் அண்ணன் மலையேறி வந்து அதே நாற்காலியில் பேசாமல் உட்காருகிறான். மின்விசிறி இன்னும் என் பக்கம்தான்.