முட்டி தேயாத கால்சட்டை

அந்தக் கைகள் ஒரு சின்னக் கால்சட்டையின் கீழ்மடிப்பைப் பிரித்துக்கொண்டிருந்தன. நன்றாக இருந்த தையலை ஊசிமுனையால் நெம்பி எடுத்துவிட்டு, அதே இடத்தில் நைந்த நூலால் ஒப்புக்கு ஓர் ஓட்டுத் தையல் போட்டன. குழந்தை நாலு எட்டு ஓடினால் போதும், பட்டென்று அறுந்துவிடும். ஓடாவிட்டால் அப்படியே இருக்கும்.

கைகளுக்குரியவர் பஸ் பணிமனையில் இருக்கை உறை தைப்பவர். கூட வேலை செய்பவர்கள் அவருக்கு வைத்திருந்த பெயர் 'துப்பறி'. கிழிந்த உறையைக் கையில் வாங்கியதும், இது பிளேடு, இது பின்பாக்கெட்டுச் சாவி, இது சும்மா இருக்கத் தெரியாத விரல் என்று சொல்லிவிடுவார். தேய்ந்த இடம் பொய் சொல்லாது என்பது அவர் கட்சி.

மகளின் துணியிலோ தேய்மானமே இல்லை. அதனால்தான் இந்த நைந்த நூல்.

நாலாவது மாடியில் ஒற்றை அறை. குழந்தை இரவெல்லாம் புரள்வாள், தட்டைத் தள்ளிவிடுவாள், படி ஏறினால் மூச்சு வாங்குவாள். டாக்டர் மருந்து எழுதவில்லை. "தினமும் சாயந்தரம் வெளியில விடுங்க. ஓடட்டும், விழட்டும். தோணுற அன்னைக்கு மட்டும் இல்ல, தினமும்" என்றார். அவருக்கும் மனைவிக்கும் வேலை முடிவதற்குள் இருட்டிவிடும். ஆகவே, வீட்டோடு தங்கிப் பரீட்சைக்குப் படித்த மனைவியின் தங்கை அந்தப் பொறுப்பை ஏற்றுக்கொண்டாள். மாதங்கள் போயின. குழந்தை தேறவில்லை.

நைந்த நூல் போட்ட மறுநாள் வேலை விட்டு வந்ததும் கால்சட்டையைத்தான் எடுத்தார். ஓட்டுத் தையல் அப்படியே இருந்தது. முட்டியில் தூசுகூட இல்லை.

"இன்னைக்கு மைதானத்துக்குப் போனீங்களாம்மா?"

"போனோமே அத்தான்."

"பாப்பா ஓடினாளா?"

மச்சினி பாப்பாவைப் பார்த்தாள். பாப்பா தரையைப் பார்த்தாள்.

"ம்... விளையாடினா அத்தான்."

அந்த 'ம்' போதுமாயிருந்தது அவருக்கு. கதவைச் சாத்திக்கொண்டு செல்போனும் கையுமாக இருந்திருக்கிறாள். குழந்தைக்கும் பாடம் சொல்லி வைத்திருக்கிறாள். அடுப்படிக்குப் போய் மனைவியின் காதில் போட்டார்.

"உன் தங்கச்சி புளுகுறா."

"எதை வச்சுச் சொல்றீங்க?"

"நூலை வச்சு."

"நல்லா இருக்கே! கிழிஞ்சாலும் சந்தேகம், கிழியலைன்னாலும் சந்தேகம். நானும் புடவையில நூலைக் கட்டிட்டு வேலைக்குப் போகட்டுமா?"

"நாளைக்கு நேர்ல பாத்துடறேன். பொய்னா அவ கிளம்பட்டும்."

"மெய்யா இருந்தா யாரு கிளம்பறது?" என்று கேட்டு, மனைவி பாத்திரத்தை நங்கென்று வைத்தாள்.

மறுநாள் மேலாளரிடம் தலைவலி என்று சொல்லிவிட்டு, மைதானத்துத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய் நின்றார். யாரும் வரமாட்டார்கள் என்றுதான் நினைத்தார். வந்தார்கள். மச்சினி செருப்பைக் கழற்றி வீசிவிட்டுப் பிள்ளைகளோடு பிள்ளையாகத் துரத்தி ஓடினாள். அவர் மகள் மட்டும் ஓரத்தில் நின்று எல்லோருடைய செருப்பையும் வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தாள்.

ஒரு சிறுமி வந்து அவள் கையைப் பிடித்து இழுத்தாள். "வாடி, நீயும் ஓடு!"

"மாட்டேன்டி. விழுந்தா கிழிஞ்சிடும்."

"உங்கப்பாதான் தைக்கிறவராச்சே!"

"அதான்டி. நாளெல்லாம் கிழிஞ்சதையே தைக்கிறாரு. வீட்லயாவது கிழிக்காம இருக்கணும்."

அது அவருடைய வாக்கியம். தினமும் வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றி மாட்டும்போது அலுப்பில் சொல்வது, ஏறக்குறைய அப்படியே மகள் வாயிலிருந்து வந்தது.

அவர் நகர்ந்திருக்க வேண்டும். நகரவில்லை. மூச்சிரைக்க ஓடி வந்த மச்சினி தொட்டியைச் சுற்றித் திரும்பியதும் அவர் மேல் மோதாத குறைதான்.

"அத்தான்! இங்க ஒளிஞ்சு நின்னு யாரை வேவு பாக்கறீங்க?"

"ஏம்மா... ஏன் என்கிட்ட சொல்லலை?"

"சொல்லக் கூடாதுன்னு பாப்பா சத்தியம் வாங்கிட்டா. கெஞ்சியும் பாத்தாச்சு, தூக்கிட்டு ஓடியும் பாத்தாச்சு. நீங்களும் போலீஸ்காரர் மாதிரிதானே கேக்கறீங்க? யாருக்கு வாய் வரும்?"

அன்று இரவு சட்டையைக் கழற்றி மாட்டும்போது அவர் அந்த வாக்கியத்தைச் சொல்லவில்லை என்பதை மனைவி கவனித்தாள்.

மறுநாள் அந்தக் கால்சட்டையைப் பணிமனைக்கு எடுத்துப்போய், சாப்பாட்டு இடைவேளையில், ஓட்டுநர் இருக்கைக்கு வாங்கும் நீல ரெக்சினில் மிஞ்சிய துண்டைத் தேடி எடுத்தார். பணிமனையில் அதைவிட உழைக்கும் துணி கிடையாது. இரண்டு வட்டம் வெட்டி, முட்டிக்கு முட்டி வைத்து, இரட்டைத் தையல் ஓட்டினார். கீழ்மடிப்பில் இருந்த நைந்த நூலை உருவிப்போட்டு நைலான் நூலால் அடித்தார்.

"என்ன துப்பறி, இத்தனூண்டு சீட்டு யாருக்கு?" என்றார் பக்கத்து மேசைக்காரர்.

"தினமும் விழப்போற பயணி ஒருத்தங்களுக்கு."

பிறகு மேலாளரிடம் போனார். இந்த முறை தலைவலி என்று சொல்லவில்லை. மகள் விளையாடுவதைப் பார்க்கப் போவதாகச் சொன்னார். மேலாளர் சந்தேகமாகத்தான் பார்த்தார்.

மைதானத்து ஓரத்தில் செருப்புகளுக்குக் காவல் நின்றவளிடம் கால்சட்டையை நீட்டினார். அவள் நீல முட்டியைத் தட்டிப் பார்த்தாள். டொப்பென்றது.

"இது கிழியாதாப்பா?"

"கிழியும். கிழிச்சுட்டு வா. எங்க விழுந்தேன்னு பாத்துச் சொல்றேன்."

அவள் சித்தியைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள், கொஞ்சம் சந்தேகப்பட்டாள். பிறகு இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.