வேதகிரிக்கு வலிப்பு கிடையாது

இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உத்திரமேரூர் பஸ் நிலையத்தில் டீ குடித்துக்கொண்டே, "நல்ல மெக்கானிக்குப்பா, பாவம், வலிப்பு" என்று வேதகிரியைப் பற்றிப் பேசுகிறவர்கள் இன்றைக்கும் இருக்கிறார்கள். அவனுடைய பட்டறைக்குப் பக்கத்துச் சைக்கிள் கடை என்னுடையது. நடுவில் ஒரு தகரம்தான் மறைப்பு. அவன் தும்மினால் எனக்குக் கேட்கும். அவன் மயங்கி விழுந்து நான் ஒரு நாளும் பார்த்ததில்லை. அவனைக் கீழே தள்ளியது வேறு சங்கதி.

வேதகிரி டீசல் எஞ்சின் மெக்கானிக். சுற்றுப்பட்டுக் கிராமங்களில் தண்ணீர் இறைக்கிற பம்பு செட்டுகள்தான் அவனுக்குச் சோறு போட்டன. கையில் எப்போதும் ஒரு ஸ்பேனர் இருக்கும். வேலை இல்லாத நேரத்திலும் அதை விரலுக்கு விரல் மாற்றி உருட்டிக்கொண்டிருப்பான். சாப்பிட உட்கார்ந்தால் மடியில் கிடக்கும், படுத்தால் கைக்குள் இருக்கும். "பொண்டாட்டி கையக்கூட இவ்ளோ நேரம் புடிச்சிருக்க மாட்டடா நீ" என்று நான் கிண்டல் செய்வேன். "அவ கை இது மாதிரி அடங்காது அண்ணே" என்பான்.

காஞ்சிபுரத்தில் பட்டு வியாபாரம் செய்த லோகநாதனுக்கு மானாம்பதி சாலையில் ஒரு மாந்தோப்பு இருந்தது. தோப்பு எஞ்சினைப் பழுது பார்க்கப் போய்த்தான் வேதகிரிக்கு அவருடைய பழக்கம். எழுபத்தேழாம் வருஷம் அந்த மனுஷனுக்கு ஒரு பைத்தியம் பிடித்தது. கடத்தல்காரர்களிடம் பறிமுதல் செய்த ஒரு பெரிய மோட்டார் படகை மெட்ராஸில் ஏலத்தில் எடுத்தார். அதில் படுக்கை அறை, சமையல் மேடை, கக்கூஸ் எல்லாம் வைத்து, மெட்ராஸிலிருந்து பாம்பன், தூத்துக்குடி, கொச்சி, அங்கிருந்து லட்சத்தீவு வரைக்கும் உல்லாசமாகப் போய் வரப்போகிறாராம். பாலாற்றில் கால் நனைக்கவே மழைக்குக் காத்திருக்கிற ஊர்க்காரருக்குப் படகு எதற்கு என்று எல்லாரும் சிரித்தோம்.

வேதகிரி மட்டும் சிரிக்கவில்லை. லோகநாதன் காரில் வந்து பட்டறை வாசலில் நின்று சொன்னது தகரத்துக்கு இந்தப் பக்கம் எனக்குக் கேட்டது. "எஞ்சின் உன் பொறுப்பு வேதகிரி. கிளம்பறப்ப நீயும் வர்ற. நீ இல்லாம நான் கரையை விட்டு நகர மாட்டேன்."

அன்றிலிருந்து அவன் இந்த ஊரில் இல்லை. உடம்பு இருந்தது, அவ்வளவுதான். திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் மெட்ராஸ் போவான். காசிமேட்டில் படகைக் கரைமேல் ஏற்றி வைத்திருந்தார்கள். சனிக்கிழமை திரும்புவான். ஞாயிற்றுக்கிழமை முழுக்க எனக்குக் கடல் பாடம் நடக்கும். நான் டியூப்புக்கு ஒட்டுப் போட்டுக்கொண்டே கேட்பேன்.

கடல் தண்ணி இரும்பைத் தின்றுவிடுமாம். அதனால் எஞ்சினைக் குளிர வைக்க உள்ளே நல்ல தண்ணி சுற்ற வேண்டும், அந்த நல்ல தண்ணியைக் கடல் தண்ணி வெளியிலிருந்து குளிர வைக்க வேண்டும். படகின் அடியில் துத்தநாகக் கட்டிகளைப் பொருத்தினான். உப்பு அதைத் தின்றுகொண்டிருக்கும் வரைக்கும் படகைத் தள்ளுகிற விசிறியைத் தொடாதாம். விசிறித் தண்டு படகை விட்டு வெளியே போகிற இடத்தில் கொஞ்சம் தண்ணி கசிந்துகொண்டே இருக்க வேண்டும். "சுத்தமா அடச்சிட்டா தண்டு சூடாயி பூடும் அண்ணே. சொட்டணும். ஆனா ஒழுவக் கூடாது" என்பான். அந்தச் சொட்டைச் சரியாக வைக்க மூன்று நாள் தண்டுக்குப் பக்கத்திலேயே படுத்துக் கிடந்தானாம். டீசலில் தண்ணி கலந்தால் நடுக்கடலில் எஞ்சின் நின்றுவிடும் என்று இரண்டு வடிகட்டி வைத்தான். ஒன்றைக் கழற்றிச் சுத்தம் செய்கிறபோது இன்னொன்று ஓட வேண்டும். பெல்ட்டு, இன்ஜெக்டர், ரப்பர் குழாய் என்று மாற்றுச் சாமான் எல்லாம் கிரீஸ் தடவித் துணியில் சுற்றி அடுக்கியது அவன்தான்.

லோகநாதனையும் சொல்ல வேண்டும். முதலாளி என்று ஒதுங்கி நிற்கிறவர் இல்லை. இங்கிலீஷ் புத்தகத்தைப் படித்து அர்த்தம் சொல்வார், இவன் செய்து பார்ப்பான். படகின் அடியில் ஒட்டியிருந்த சிப்பியை இரண்டு பேரும் சேர்ந்தே சுரண்டினார்கள். ஒரே கேரியரில் சாப்பிட்டார்கள். "அவரு எனக்கு மொதலாளி இல்ல அண்ணே, கூட்டாளி" என்று வேதகிரி சொன்னபோது, போதுமடா உன் பெருமை என்றேன். உள்ளுக்குள் எனக்குக் கொஞ்சம் பொறாமைதான்.

வேலை ஆரம்பித்த வருஷமே ஆந்திராவில் பெரிய புயல் அடித்தது. ரேடியோவில் செத்தவர்கள் கணக்கைக் கேட்டதிலிருந்து அவன் பெண்டாட்டி சிட்டம்மாளுக்குத் தூக்கம் போய்விட்டது. என் கடைக்கே வந்துவிட்டாள். "அண்ணா, நீங்க சொன்னா கேப்பாரு. கடலுக்குப் போவ வாணான்னு சொல்லுங்க. நான் அழுதா, எஞ்சினு சத்தத்தப் பத்திப் பேசிக்கினு கீறாரு."

"மூணு மாசத்துல திரும்பிடுவாம்மா. தை மாசம் கடலு அடங்கி இருக்கும்னு அவனே சொல்றான்" என்றேன். அவள் திரும்பிப் போய்விட்டாள்.

எழுபத்தொன்பது பொங்கல் முடிந்ததும் கிளம்புவதாக ஏற்பாடு. வேதகிரி இரண்டு காக்கிக் கால்சட்டை தைத்துக்கொண்டான். அதுவரை அவன் லுங்கியைத் தவிர எதையும் கட்டி நான் பார்த்ததில்லை. போட்டுக்கொண்டு வந்து என் கடை வாசலில் நடந்து காட்டினான். பள்ளிக்கூடத்துக்கு முதல் நாள் போகிற பிள்ளை தோற்றுப்போகும்.

போகிக்கு முன்னால் லோகநாதன் வந்தார். காரை விட்டு இறங்கி வேதகிரியின் முகத்தைப் பார்க்காமல் பேசினார். "இன்ஷூரன்ஸ்காரங்க ஒத்துக்க மாட்டேங்கறாங்க வேதகிரி. எஞ்சின் ரூம்ல சர்ட்டிபிகேட் இருக்கிற ஆள்தான் இருக்கணுமாம். கொச்சியிலிருந்து ஒருத்தரை வரச் சொல்லியிருக்கேன்."

அவர் தன் கைக்கடிகாரத்தைக் கழற்றி நீட்டினார். இவன் கையை நீட்டவில்லை. "உடம்பைப் பார்த்துக்கோ" என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறினார். ஆளை நட்டாற்றில் விட்டுவிட்டு உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்கிறானே என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

படகு போனது. லட்சத்தீவு வரைக்கும் போய், மூன்று மாதத்தில் பத்திரமாகத் திரும்பியும் வந்தது. எஞ்சின் ஒரு இடத்தில்கூட மக்கர் பண்ணவில்லை என்று தோப்புக் காவல்காரன் வந்து சொன்னான். அதைக் கேட்டுத்தான் வேதகிரி அழுதான். படகு மூழ்கியிருந்தால்கூட அழுதிருக்க மாட்டான்.

அதற்கப்புறம் அவன் தோப்புப் பக்கம் போகவில்லை. லோகநாதன் அனுப்பிய மாம்பழக் கூடையை அப்படியே எருமைக்குக் கொட்டினான். சாயங்காலம் சாப்பிட உட்கார்ந்தால் லோகநாதனைத் திட்டாமல் அவனுக்குச் சோறு இறங்காது. "கூட்டாளின்னு நெனச்சேன், ரெண்டு வருசம் வேல வாங்கிக்கினு கழட்டி வுட்டான்" என்று ஆரம்பிப்பான். சிட்டம்மாள் குழம்பை ஊற்றிக்கொண்டே, "பெரிய மனுசங்களே அப்டித்தான், வுடு" என்பாள். நானே எத்தனையோ நாள் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டிருக்கிறேன். நானும் சேர்ந்து திட்டியிருக்கிறேன்.

இப்படியே ஏழு வருஷம் ஓடியது. அவன் மகள் கோமளவல்லிக்கு மாகறலிலிருந்து ஒரு வரன் வந்தது. பையன் லாரி டிரைவர், நல்ல இடம். பெண் பார்த்தாயிற்று, பிடித்தும் போயிற்று. தட்டு மாற்ற நாள் குறிக்க வந்தார்கள். பெண் வீட்டுப் பக்கம் பேச ஒரு ஆள் வேண்டும் என்று என்னையும் உட்கார வைத்திருந்தார்கள். வந்தவர்களில் பையனின் பெரியப்பா கொஞ்ச நேரம் துண்டை மடித்துப் பிரித்துக்கொண்டிருந்துவிட்டு ஆரம்பித்தார்.

"கேக்கறேன்னு தப்பா நெனச்சுக்காதீங்க. ஒங்களுக்கு வலிப்பு கீதாமே. நாளைக்குப் பொறக்கற புள்ளைங்களுக்கு வந்துச்சுன்னா இன்னா பண்றது?"

வேதகிரி சிரித்துவிட்டான். "எனக்கா? எவன் சொன்னான்?"

"பட்டுக் கடை லோகநாதன் மொதலாளிதான். என் தம்பி அவருக்குத்தான் நெய்யறான். பொண்ணு வூட்டப் பத்தி விசாரிச்சப்ப சொன்னாரு. தங்கமான மனுசன், வலிப்பு மட்டும் இல்லன்னா கப்பல்ல கூட்டிக்கினு போயிருப்பேன்னு வருத்தப்பட்டாரு."

வேதகிரியின் சிரிப்பு நின்றது. கொடியில் கிடந்த சட்டையை உருவினான். "அண்ணே, எழுந்திரு. இப்பவே காஞ்சிபுரம் போறோம். கழட்டி வுட்டது பத்தலன்னு வலிப்புன்னு வேற கட்டி வுடறானா? அவன் கடை வாசல்லயே கேக்கறேன்." நானும் எழுந்துவிட்டேன். அவர் சட்டையைப் பிடிக்கிற வெறி எனக்கும் இருந்தது.

"எங்கயும் போவ வாணாம்" என்று அடுக்களை வாசலிலிருந்து சத்தம் வந்தது. சிட்டம்மாள் காப்பித் தட்டோடு நின்றிருந்தாள். "அவரு பொய் சொல்லல. நான் சொன்னதத்தான் அவரு சொல்றாரு."

தட்டைக் கீழே வைத்துவிட்டு, எங்கள் யாரையும் பார்க்காமல் தரையைப் பார்த்துச் சொன்னாள். படகு கிளம்புவதற்கு முந்தின மார்கழியில் கோயிலுக்குப் போவதாகச் சொல்லிவிட்டு லோகநாதன் கடைக்குப் போயிருக்கிறாள். என் வீட்டுக்காரருக்கு வலிப்பு இருக்கிறது, நடுக்கடலில் வந்துவிட்டால் யார் பார்ப்பது என்று அழுதிருக்கிறாள். வெளியே தெரிந்தால் மானம் போய்விடும், நான் வந்ததை அவரிடம்கூடச் சொல்லாதீர்கள் என்று காலில் விழுந்திருக்கிறாள்.

"அவரு மொதல்ல நம்பல. அதுக்குத்தான் எங்க வூட்டுக்காரரு எப்பவும் கையில இரும்பு வெச்சிக்கினு கீறாரு, நீங்க பாத்ததில்லையான்னு கேட்டேன். அப்பால அவரு ஒண்ணுமே கேக்கல."

வலிப்பு வந்தால் கையில் சாவியோ இரும்போ திணிப்பது எங்கள் பக்கத்து வழக்கம். அந்த ஸ்பேனரை லோகநாதன் ரெண்டு வருஷமாகப் பார்த்துக்கொண்டிருந்தவர்தானே. அப்போதும் எனக்கு லோகநாதன் மேல் ஆத்திரம் குறையவில்லை. ஒரே கேரியரில் சாப்பிட்டவர், ஒரே ஒரு வார்த்தை, "உனக்கு அப்படியாப்பா?" என்று இவனைக் கேட்டிருக்கலாமே. கேட்காமல், இன்ஷூரன்ஸ் மேல் பழியைப் போட்டுவிடுவதுதான் மரியாதை என்று நினைத்திருக்கிறார். அதே மனுஷன் வரன் விசாரிக்க வந்தவரிடம் மட்டும் எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். இவர் மரியாதையில் இடி விழ.

வந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "பொண்ணக் கரையேத்தணும்னா பெத்தவ இப்பிடித்தாம்மா சொல்லுவா" என்றார் பெரியப்பா, கோபமில்லாமல். சிட்டம்மாள் மகள் தலையில் அடித்துச் சத்தியம் செய்தாள். நானும் எடுத்துச் சொன்னேன். அவள் பொய்யை ஒரு நிமிஷத்தில் நம்பின உலகம் அவள் உண்மையை நம்பவில்லை. காப்பியைத் தொடாமலே எழுந்து போய்விட்டார்கள். கோமளாவுக்குப் பிறகு செங்கல்பட்டுப் பக்கம் இடம் அமைந்தது, நன்றாகத்தான் இருக்கிறாள். ஆனால் அன்றைக்கு அவள் உள்ளே அழுத அழுகை தெருவுக்கே கேட்டது.

வேதகிரி சட்டையை மாட்டிக்கொள்ளவும் இல்லை, கீழே வைக்கவும் இல்லை. கையில் பிடித்தபடியே சுவரில் சாய்ந்து உட்கார்ந்தான்.

"ஏழு வருசமா அந்த மனுசனத் திட்டிக்கினு கீறேன்" என்றான். "டெய்லி. நீ கேட்டுக்கினு சோறு போட்ட. கூடவே ஆமான்னும் சொன்ன."

"நெசத்தச் சொன்னா நீ என்ன வுட்டுப் போயிடுவன்னு பயம்."

"மூணு மாசம் சிட்டம்மா. போயிருந்தா, மூணே மாசத்துல திரும்பி வந்திருப்பேன்."

அவள் அவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். தோளைத் தொடக் கையைக் கொண்டுபோனாள், தொடவில்லை. "அதான் எங்கயும் போவலயே. இங்கதான கீற."

வேதகிரி திரும்பி அவளைப் பார்த்தான். கோபமாகக்கூட இல்லை.

"கீறேனா?" என்று கேட்டான்.