இங்கிலீசில் போயிட்டு வந்தவர்

எனக்கு எழுபத்து மூன்று வயது. ஆறு பேரை வளர்த்து ஆளாக்கினேன்; அதில் இரண்டு பேர் என் வயிற்றில் பிறக்காதவர்கள். பள்ளிக்கூடம் இரண்டாம் வகுப்போடு சரி. தமிழையே எழுத்துக் கூட்டித்தான் எழுதுகிறேன். ஆனால் இங்கிலீசில் இரண்டு வாக்கியம் பிசகில்லாமல் சொல்வேன், யார் வேண்டுமானாலும் கேட்டுப் பார்க்கலாம்.

என் அண்ணனிடம் கேட்டுக் கேட்டுப் பிடித்துக்கொண்டவை அவை. கச்சிராயபாளையம் பக்கம் எங்கள் ஊர். அண்ணன் எஸ்.எஸ்.எல்.சி.யில் இங்கிலீசைக் கோட்டை விட்டுவிட்டு, செப்டம்பர் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தான். எதிரே ஓர் ஆள் இல்லாவிட்டால் அவனுக்கு மண்டையில் ஏறாது. வீட்டில் சும்மா இருந்தவள் ஆறு வயதுக்காரி நான்தான். அவன் சொல்வதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். சரியாகச் சொன்னால் ஒரு கைப்பிடி பொரி, தப்பினால் குட்டு.

அப்பா அப்போது சாமை அறுப்புக்குக் கல்வராயன் மலை ஏறியிருந்தார். "பரீட்சைக்குள்ள வந்துடுவேன், போயிட்டு வரேன்" என்று சொல்லித்தான் கிளம்பினார். அவர் ஏறியதும் மலைமேல் மழை பிடித்துக்கொண்டது. எங்கள் ஊரில் தூறல்தான். ஆற்றில் மட்டும் செந்தண்ணீர் வந்தது.

"மை ஃபாதர் ஹேஸ் கான் டு த ஹில்ஸ்" என்றான் அண்ணன். நான் கணீரென்று திருப்பிச் சொன்னேன். அடுப்படியிலிருந்து அம்மா எட்டிப் பார்த்தாள். நாங்கள் மாதா கோயிலுக்குப் போகிற வேதக்காரர்கள். அம்மாவுக்கு ஃபாதர் என்றால் கோயிலில் பூசை வைக்கிற சாமியார் ஒருவர்தான்.

"சாமியாரு எதுக்குடா மலைக்குப் போனாரு?"

"சாமியாரு இல்லம்மா, நம்ம அப்பா. மலைக்குப் போனவரு இன்னும் திரும்பலன்னு அர்த்தம்."

அம்மா கரண்டியோடு வெளியே வந்தாள். "போயிட்டு வரேன்னு சொல்லிட்டுப் போன மனுசன். அதுக்கு உங்க இங்கிலீசுல வார்த்தையே இல்லியா?"

"இருக்குது. மை ஃபாதர் ஹேஸ் பீன் டு த ஹில்ஸ். போயிட்டு வந்துட்டாருன்னு அர்த்தம். ஆனா வந்தப்புறந்தான் சொல்லணும்."

"இப்பவே சொல்லு. அந்த இன்னொன்ன இந்த வூட்டுல எவனும் சொல்லக் கூடாது."

"தப்பும்மா. வாத்தியாரு முட்டி போட வெப்பாரு."

"வெக்கட்டும். உன் முட்டி பெருசா, உங்கப்பன் பெருசா?"

அண்ணன் வாயை மூடிக்கொண்டான். நான் மூடவில்லை. கிணற்றடியிலும் ஆட்டுக் கொட்டகையிலும் "ஹேஸ் பீன், ஹேஸ் பீன்" என்று பாடிக்கொண்டு திரிந்தேன். மழை வலுக்க வலுக்க அம்மாவே கூப்பிடுவாள். "எங்க, அந்த நல்லத சொல்லு" என்பாள். ஜெபமாலையை உருட்டிக்கொண்டே கேட்பாள். அண்ணன் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு மலையைப் பார்த்துக்கொண்டிருப்பான். மலை தெரியாது. மேகந்தான் தெரியும்.

ஒரு மத்தியானம், மலைக்காரர்கள் அப்பாவை மூங்கிலில் தூளி கட்டித் தூக்கிக்கொண்டு வந்தார்கள். ஓடையைத் தாண்டும்போது வெள்ளம் அடித்துக்கொண்டு போய்விட்டதாம். அம்மா மண்ணில் விழுந்து புரண்டாள். அண்ணன் சுவரோடு ஒட்டி நின்றான்.

கோழி செத்துப் பார்த்திருக்கிறேன், ஆடு செத்துப் பார்த்திருக்கிறேன். ஆனால் இது அப்பா. மேலே மூடியிருந்த கோணிக்கு வெளியே கால் நீட்டிக்கொண்டிருந்தது; பெருவிரலில் அரிவாள் பட்ட தழும்போடு அவர் காலேதான். சொன்னபடி வீட்டுக்கு வந்துவிட்டார். நான் போய் அண்ணன் சட்டையை இழுத்தேன்.

"அண்ணே, இப்ப பீன் சரிதானே? இப்பத் தப்பில்லியே?"

குட்டுவான் என்று தலையைக் குனிந்துகொண்டேன். அவன் குட்டவில்லை. உள்ளே போய்ப் பொரிப் பானைக்குள் கைவிட்டு, ஒரு பிடி அள்ளிவந்து என் கையில் வைத்தான்.

சரியாகச் சொன்னால் பொரி என்பதுதானே பேச்சு. ஊரே மாரடித்து அழுத வீட்டில், அண்ணன் ஏன் என் முகத்தைப் பார்க்காமல் கொடுத்தான் என்று விளங்காமல், ஜெயித்தவள் மாதிரி உட்கார்ந்து அதைத் தின்று தீர்த்தேன். அண்ணன் அந்தப் பரீட்சைக்குப் போகவில்லை. சாகிற வரைக்கும் ஒரு வார்த்தை இங்கிலீசு பேசவும் இல்லை.

இவ்வளவுதான். பேத்தி பக்கத்தில் உட்கார்ந்து ஏதோ மனப்பாடம் பண்ணுகிறாள், அவளுக்கும் நாளைக்கு இங்கிலீசுப் பரீட்சையாம்.

"கண்ணு, உன் பாடத்த அப்புறம் பாத்துக்கலாம். ஆயா எழுதினத முதல்லருந்து ஒரு வாட்டி படி, கேக்கறேன்."