மீனுக்கு ஃபினிஷிங்

ஒன்பதாம் வகுப்போடு படிப்பு நின்றுபோன நான், முதன்முதலாக ஒரு கல்லூரிக்குள் நுழைந்தது மீனுக்குச் சாயம் அடிப்பதற்காக.

அப்போது ராணிப்பேட்டைப் பக்கம், கழிவுத் தண்ணீரைப் பாலாற்றில் விடுகிற ஒரு தோல் தொழிற்சாலையில் வேலை. அதற்கு முன் ஆம்பூரில் பிரியாணிக் கடையில் வெங்காயம் உரித்தேன், ஷூ கம்பெனியில் சோல் ஒட்டினேன், லாரியில் கிளீனராக ஓசூர் வரை போய் அங்கேயே கொஞ்ச நாள் கிடந்தேன். எங்கேயும் தரிக்கவில்லை. தோல் தொழிற்சாலையிலும் முதலில் சுண்ணாம்புத் தொட்டியில்தான் இறக்கிவிட்டார்கள். கால்விரல் இடுக்கெல்லாம் வெந்துபோனது. பிறகு தோலுக்கு நிறமும் பளபளப்பும் ஏற்றுகிற ஃபினிஷிங் பிரிவில் ஸ்ப்ரே அடிக்க ஆள் கேட்டார்கள். அங்கே மூக்குதான் போகும் என்றார்கள். மூக்கைக் கொடுத்துக் காலை மீட்டுக்கொண்டேன்.

எங்கள் முதலாளி வேலூரில் ஒரு கல்லூரியின் பழைய மாணவர். அந்தக் கல்லூரியின் விலங்கியல் துறையில் கண்ணாடி ஜாடிகளில் மீன்களைப் போட்டு வைத்த ஓர் அருங்காட்சியக அறை இருந்தது. அதைக் காலி செய்துவிட்டு, மாணவர்களை வேலைக்கு எடுக்க வரும் கம்பெனிக்காரர்கள் உட்காருவதற்கு ஏசி அறை ஆக்கிவிட வேண்டும் என்பது கல்லூரிச் செயலாளரின் ஆசை. அப்படி நடந்தால் ஜாடிகளெல்லாம் குப்பை வண்டியில்தான் ஏறும். அறைக்குப் பொறுப்பான பேராசிரியர் யார் யாரிடமோ கெஞ்சிப் பார்த்துவிட்டு, கடைசியில் எங்கள் முதலாளியிடம் வந்து நின்றார். முதலாளி அறையைப் புதுப்பித்துக் கொடுத்தால் செயலாளரால் தொட முடியாது. முதலாளியும் சரி என்றார். வாசலுக்குப் பித்தளையில் போர்டு அடிக்கச் சொன்னார். ‘பாலாற்று மீன் காட்சியகம்’, அதன் கீழே அதைவிடப் பெரிய எழுத்தில் அவர் பெயர். அந்த மீன்கள் ஏன் இப்போது பாலாற்றில் இல்லாமல் ஜாடியில் இருக்கின்றன என்று எழுதப் போர்டில் இடம் இல்லை.

முதலாளி அறையைப் பார்க்கப் போனபோது ஃபினிஷிங் மாஸ்டரையும் என்னையும் கூடவே கூட்டிப்போனார். அங்கிருந்த நாற்காலிகளுக்குத் தோல் உறை போட அளவெடுக்க வேண்டுமாம்.

அவ்வளவு விதமான மீனை நான் ஒரே இடத்தில் பார்த்ததில்லை. பாலாற்றுக் கெண்டை, கெளுத்தி, விரால், ஆரால் ஒரு பக்கம். கடலிலிருந்து கொண்டுவந்தவை இன்னொரு பக்கம். இரண்டு கண்ணும் ஒரே பக்கத்தில் இருக்கிற தட்டை மீன் ஒன்று. எங்கள் சூப்பர்வைசரும் அப்படித்தான், முதலாளி நிற்கிற பக்கம் மட்டும் பார்ப்பார். தொட்டால் ஊதிக்கொள்ளும் பேத்தை, குதிரை முகமும் சுருண்ட வாலுமாக ஒரு கடல்குதிரை, கையளவு சுறாக்குட்டி. உடம்பு, வாய், துடுப்பு எல்லாம் வேறு வேறு. நிறம் மட்டும் எல்லாவற்றுக்கும் ஒன்றுதான். வேகவைத்த முட்டை நிறம்.

முதலாளிக்கு அதுதான் கண்ணில் பட்டது.

“இன்னா சார், எல்லாம் வெள்ளையா கெடக்குது?”

“கெடாம இருக்க ஊத்தற ஃபார்மலின் மருந்துல வருஷக்கணக்கா இருந்தா நெறம் போய்டுங்க. ஆனா செதில், முள்ளு, எல்லாம் அப்படியே இருக்கும். ஆராய்ச்சிக்கு அதுதான் முக்கியம்” என்றார் பேராசிரியர்.

முதலாளி காதில் எதுவும் ஏறவில்லை. அவருக்குத் தெரிந்த உலகத்தில் நிறமில்லாத தோல் என்றால் வேலை முடியாத சரக்கு. மாஸ்டரைத் திரும்பிப் பார்த்தார். “பாய், இது க்ரஸ்ட்டுதான? ஃபினிஷ் பண்ணாத சரக்கு. இத வெச்சுத் தெறப்பு விழா நடத்தச் சொல்றாரு.”

“ஆமாங்க மொதலாளி. ஒரு கோட் கலர், மேல பளபளப்புக்கு லாக்கர். கண்ணாடியாட்டம் நிக்கும்” என்றார் மாஸ்டர். ஒட்டகச் சிவிங்கியைக் காட்டினாலும் அவர் இதையேதான் சொல்லியிருப்பார்.

பேராசிரியர் முகம் ஜாடி மீன் நிறத்துக்கு வந்தது. “சார், மாதிரிக்கு வெச்சிருக்கறதுல பெயிண்ட் அடிக்கக் கூடாதுங்க...”

“அப்போ ரூமை ஏசி போட உட்ருங்க” என்றார் முதலாளி, சிரித்துக்கொண்டே.

விழாவுக்கு முன்னால் ஸ்ப்ரே கன், கம்ப்ரஸர், சாய டப்பாக்களோடு நானும் மாஸ்டரும் அங்கே இறங்கினோம். மீன்களை வெளியே எடுத்து, வயரில் கட்டித் தொங்கவிட்டு, மின்விசிறி போட்டுக் காயவைத்தோம். கண் எரிந்து தண்ணீர் கொட்டியது. எனக்கு அது பழக்கம், பேராசிரியர் கைக்குட்டையோடு வெளியே போய்ப் போய் வந்தார்.

சிக்கல் அதற்குப் பிறகுதான் வந்தது. எந்த மீனுக்கு என்ன நிறம்?

“சார், இந்தக் கெண்டை உசுரோட இருக்கச்சொல்ல இன்னா கலரு?” என்று மாஸ்டர் கேட்டார்.

பேராசிரியர் யோசித்தார். “வெள்ளியாட்டம்... முதுகுல கொஞ்சம் பச்சை. புக்குல பார்க்கணும்.”

“நீங்க ஆத்துல பாத்தது இல்லியா?”

“நான் வேலைக்கு வந்தப்பவே ஆத்துல மணல்தான்பா.”

நானும் பார்த்ததில்லை. நான் பார்த்த பாலாற்றில் லாரிதான் நீந்தும். மாஸ்டர் பையிலிருந்து ஷேட் கார்டை எடுத்தார். அது வெளிநாட்டு ஷூ கம்பெனிக்காரர்களுக்கு நிறம் காட்டுகிற அட்டை. முதல் கெண்டைக்கு டான் பழுப்பு, கெளுத்திக்கு நேவி நீலம், விராலுக்கு போன சீசனில் விற்காமல் தேங்கிய போர்டோ சிவப்பு. கெண்டை மட்டும் ஏழெட்டு ஜாடியில் இருந்ததால், ஒரே மாதிரி இருக்க வேண்டாம் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம் அடித்தோம். முதலில் வாசலில் நின்று தலையில் கை வைத்துக்கொண்டிருந்த பேராசிரியர், கொஞ்ச நேரத்தில் உள்ளே வந்துவிட்டார். அப்புறம், “அந்த விராலுக்கு வயித்துக்கிட்ட கொஞ்சம் கம்மி பண்ணுப்பா” என்றார். அறை பிழைக்க வேண்டுமே, அவர் என்ன செய்வார்.

விழா அன்று காலையில் மீன்களை ஜாடிக்குள் இறக்கிப் புது மருந்துத் தண்ணீர் ஊற்றினோம். பளபளவென்று இருந்தன. செயலாளர் வந்து எட்டிப் பார்த்துவிட்டு, “இவ்ளோ வகை மீன் நம்மகிட்ட இருக்குதா? நான் கம்மினு நெனச்சேன்” என்றார். ஒரே கெண்டையை ஏழெட்டு வகையாக எண்ணிவிட்டார். பேராசிரியர் மறுக்கவில்லை.

அப்புறம் வெளியே ஷாமியானாவில் பேச்சு. குத்துவிளக்கு, பொன்னாடை, இன்னொரு பொன்னாடை. முதலாளி பாலாற்றின் பெருமையை நெடுநேரம் பேசினார். எல்லோரும் ரிப்பன் வெட்டி உள்ளே வந்தபோது நான் ஜாடிகளைப் பார்த்தேன். மீன்கள் பழையபடி வேகவைத்த முட்டை நிறத்தில் இருந்தன. சாயம் முழுக்கத் தண்ணீரில் இறங்கியிருந்தது. ஒரு ஜாடி சிவப்பு, ஒன்று நீலம், ஒன்று கழுவாத டீ கிளாஸ் நிறம். மேலே லாக்கர் ஆடையாக மிதந்தது.

செயலாளர் நின்றுவிட்டார். “இன்னா சார் இது? தண்ணி கலர் கலரா இருக்குது?”

பேராசிரியர் வாயைத் திறந்தார், மூடினார். ஜாடியில் இருந்தவற்றுக்கும் அவருக்கும் அப்போது பெரிய வித்தியாசம் இல்லை. செயலாளரின் கண் ஏற்கெனவே ஏசி மாட்டும் சுவரை அளந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்ததும் பேராசிரியருக்கு எங்கிருந்தோ குரல் வந்தது.

“பாலாத்துத் தண்ணி சார். மீன் கடைசியா எந்தத் தண்ணியில இருந்துச்சுன்னு பசங்களுக்குத் தெரியணும்ல. அதான் அப்படியே வெச்சிருக்கோம்.”

 முதலாளி குனிந்து விரால் ஜாடியை வெகுநேரம் பார்த்தார். மாஸ்டரின் காதருகே போய், “பாய், இது நம்ம போர்டோதான?” என்றார்.

“ஆமாங்க. லாக்கர் ஜாஸ்தியாத்தான் போட்டேன், ஆனா நிக்கல.”

முதலாளி நிமிர்ந்தார். பின்னால் போட்டோ எடுப்பவர்கள் இருந்தார்கள். கல்லூரிப் பிள்ளைகள் செல்போனை நீட்டிக்கொண்டிருந்தார்கள். அவர் மெதுவாகக் கைதட்டினார். அதைப் பார்த்துச் செயலாளர் தட்டினார், செயலாளரைப் பார்த்து எல்லோரும் தட்டினார்கள். போகும்போது முதலாளி பேராசிரியரின் தோளில் கை போட்டு, “எல்லாம் நல்லா இருக்குது சார். தண்ணிய மட்டும் மாத்திடுங்க” என்றார். தொழிற்சாலைக்குச் சோதனைக்கு ஆள் வரும்போதெல்லாம் சொல்லிப் பழகியவர் மாதிரி சொன்னார்.

அறை தப்பியது. பித்தளை போர்டில் பெயர் ஏறிவிட்ட பிறகு அந்தக் கதவைப் பூட்டச் செயலாளருக்குத் துணிச்சல் இல்லை. இன்றும் அங்கே மீன்கள்தான் இருக்கின்றன, வெள்ளை வெளேரென்று.

மறுநாள் தண்ணீர் மாற்ற என்னைத்தான் அனுப்பினார்கள். பேராசிரியர் பேண்டை மடித்துவிட்டுக்கொண்டு கூடவே நின்றார். ஒவ்வொரு மீனையும் குழந்தைக்குத் தலை துவட்டுவது போல் அவரே துடைத்தார். நான் ஜாடிகளை மூலையிலிருந்த தொட்டியில் கவிழ்த்தேன். சிவப்பு, நீலம், பழுப்பு எல்லாம் சுழன்று ஓட்டைக்குள் இறங்கின.

“இது எங்க சார் போவுது?”

“பின்னாடி கால்வாய்க்கு.”

“கால்வாய் எங்க போவுது?”

அந்தக் கால்வாய் பாலாற்றில்தான் சேர்கிறது. அது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். அவர் குழாயை இன்னும் கொஞ்சம் திறந்துவிட்டார்.

“ஊத்துப்பா, ஊத்து. யாராவது வந்துடப் போறாங்க.”