கண்ணாடிக்கு என்ன வயது

எதெல்மிரா பல்கலைக்கழக ஆய்வறைக்குள் நுழைந்ததும் பையைக்கூட இறக்கமாட்டாள். காய்ச்சல்காரக் குழந்தையின் கழுத்தைத் தொடுவதுபோல, கணிப்பொறியின் பக்கவாட்டில் புறங்கையை வைத்துப் பார்ப்பாள். சுட்டால் கணக்கு ஓடுகிறது. பிறகுதான் நாற்காலி, மாத்தே கஷாயம் எல்லாம்.

உள்ளே ஓடியது எண்களால் ஆன கண்ணாடி. உருகிய கண்ணாடியைச் சட்டென்று குளிரவைத்ததில் உறைந்ததுபோல் தோன்றும். ஆனால் துகள்கள் இடம் தேடி அலைந்துகொண்டே இருக்கும். வயது ஏற ஏற அலைச்சல் மெதுவாகும். அவளுடைய மாதிரிப்படி, இளசோ கிழடோ, ஒவ்வொரு கண்ணாடியின் அலைச்சலையும், காலத்தை அதனதன் வயதால் வகுத்து வரைந்தால் எல்லாக் கோடுகளும் ஒன்றின்மேல் ஒன்று படியவேண்டும்.

படிந்தன, ஒன்றைத் தவிர. அந்த ஒன்று படியாமல் ஆய்வேட்டைக் கொடுக்க முடியாது. மார்ச்சுக்குள் கொடுக்காவிட்டால் பட்டம் கிடையாது.

“பொறு. கண்ணாடி அவசரப்படாது” என்றார் வழிகாட்டி டாக்டர் லென்சினா.

“கண்ணாடி அவசரப்படல டாக்டர், பல்கலைக்கழகம் அவசரப்படுதே!”

பக்கத்து மேசை நாசரேனோ சிரித்தான். “ஏ ஒல்லி, நீ கிழவியானதும் அது தானா வந்து படியும்.”

“வாய மூடுறியா, இல்ல இந்தச் சுடுதண்ணிய உன் தலையில ஊத்தட்டுமா?”

நிரலை வரிவரியாகப் பிரித்து மேய்ந்தாள். பிழை இல்லை. கடைசியில் வெறுத்துப்போய்க் கணக்கைத் தலைகீழாகப் போட்டாள்: இந்தச் சனியன் படியவேண்டுமானால் இதற்கு என்ன வயது இருக்கவேண்டும்? பதிவில் இருந்ததைவிடப் பல மடங்கு வந்தது. கோப்பின் தேதியைப் பார்த்தாள். ஜனவரிதான் அங்கே உச்சக் கோடை; அந்த வெயிலில் கோர்தோபா நகரம் முழுக்க மின்சாரம் போன நாள். யாரோ, சேமித்துவைத்த நிலையிலிருந்து மறுபடி ஓட்டியிருக்கிறார்கள். கண்ணாடி பழையது, கடிகாரம் மட்டும் சுழியத்திலிருந்து. நரைத்த கிழவனைத் தொட்டிலில் போட்ட கதை.

“எவன்டா இதத் தொட்டது?”

“என்னை ஏன் பாக்குற? நான் அன்னிக்கு மலை ஆத்துல குளிச்சிட்டிருந்தேன்.”

அவள் நம்பவில்லை. விடுபட்ட வயதைச் சேர்த்ததும் கோடு சமர்த்தாகப் படிந்தது. நாசரேனோவோடு பேச்சு மட்டும் நின்றது. பட்டம் கிடைத்த அன்று, ஊர் வழக்கப்படி படிக்கட்டிலேயே நண்பர்கள் அவள் தலையில் முட்டை உடைத்து மாவு கொட்டினார்கள். நாசரேனோ கொண்டுவந்த முட்டையை மட்டும் அவள் தட்டிவிட்டாள்.

லென்சினா ஓய்வுபெற்ற விருந்தில்தான் விஷயம் வெளியே வந்தது. அன்று மின்சாரம் திரும்பியதும் அந்தப் பக்கமாக வந்தவர், பாவம் பெண்ணுக்கு உதவியாக இருக்கட்டும் என்று லென்சினாவே கணக்கை மறுபடி ஓட்டிவிட்டுப் போயிருக்கிறார்.