தண்ணி நாளில் ஜெயமணி ஏரிக்குப் போனது

போர்ட் பிளேயருக்குப் புதுப் பெயர் வைத்துவிட்டார்கள். பெயர் மாறியதே தவிர மேட்டு வீடுகளின் பாடு மாறவில்லை. மழை நின்று வெயில் ஏறிவிட்டால் குழாயில் தினமும் தண்ணீர் கிடையாது. நாலு நாளைக்கு ஒருதரம் வரும். வந்தாலும் கொஞ்ச நேரம்தான், அதுவும் மேட்டுக்குக் கடைசியாகத்தான் ஏறும். அந்த நாளுக்குத் தண்ணி நாள் என்று பெயர். ஜெயமணியின் கதையை அந்த நாளிலிருந்துதான் சொல்ல வேண்டும். வேறு எங்கிருந்து ஆரம்பித்தாலும் அது அவள் கதை ஆகாது.

ராமநாதபுரம் பக்கத்திலிருந்து கல்யாணமாகிக் கப்பலில் வந்தவள். வழியெல்லாம் வாந்தி. வீட்டுக்காரர் திருநாவுக்கரசுக்கு மின்சார இலாகாவில் லைன்மேன் வேலை. வந்து இறங்கிய மறுநாள் பக்கத்து வீட்டு வங்காளத்து அம்மா வாசலில் நின்று, "பானி ஆயா க்யா?" என்றாள். இவள் முழித்தாள். அந்த அம்மா குழாயைக் காட்டி, கையை விரித்து, மறுபடியும் கேட்டாள். தண்ணி வந்துச்சா என்று கேட்கிறாள் என்பது அப்போதுதான் புரிந்தது. அவள் கற்ற முதல் இந்தி அது. இப்போது அபர்டீன் பஜாரில் மீன்காரனிடம் இந்தியிலேயே சண்டை போட்டு ஜெயிக்கிறாள். ஆனாலும் தூக்கத்தில் தட்டி எழுப்பினால் முதலில் "பானி ஆயா க்யா"தான் வரும்.

வீட்டில் மற்றவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை என்றால் ஊர் சுற்றுகிற நாள். கடற்கரைக்குப் போவார்கள், பூங்காவுக்குப் போவார்கள், சிடியா டாப்புக்குப் போய் அஸ்தமனம் பார்ப்பார்கள். புளிச்சோறு கட்டிக் கொடுத்துவிட்டு ஜெயமணி வீட்டில் இருப்பாள். அன்றைக்குத் தண்ணி நாள் என்றால் பிடிப்பதற்காக இருப்பாள். தண்ணி நாள் இல்லையென்றால், முறை தப்பி இன்றைக்கே வந்துவிட்டால் என்ன செய்வது என்று இருப்பாள். "நீங்க போய்ட்டு வாங்க, நான் தண்ணி புடிக்கிறேன்" என்று முதலில் சொன்னது அவளேதான். பிறகு அவள் சொல்லவும் இல்லை, யாரும் கேட்கவும் இல்லை.

மாசி மாதத்தில் மருமகள் கார்த்திகாவின் சித்தி தென்காசியிலிருந்து வந்திருந்தாள். கார்த்திகா போனில் படங்களைத் தள்ளித் தள்ளிக் காட்டினாள். சித்தி கேட்டாள், "எல்லாப் படத்துலயும் எல்லாரும் இருக்கீங்க. ஒங்க அத்தைய எங்கடி?"

"அத்தைக்கு வெளிய வர்றதுன்னாலே ஆகாது சித்தி. அவங்களுக்கு வீடுதான்."

கார்த்திகா மனசில் கெட்டது ஒன்றும் கிடையாது. ஜெயமணியும் அப்படி நினைக்கவில்லை. அடுக்களையில் பூரி போட்டுக்கொண்டிருந்தவள் அந்தப் பூரியைக் கருக விட்டாள், அவ்வளவுதான். படகு என்றால் அவளுக்கு எத்தனை ஆசை என்று இவர்களுக்குத் தெரியாது. கப்பலில் வாந்தி எடுத்தவள் என்பதுதான் தெரியும். அலை இல்லாத தண்ணீரில், தானே ஓட்டி, ஒரு தடவை போய்வர வேண்டும் என்று இருந்தாள். முழங்கால் வேறு வருஷத்துக்கு வருஷம் மோசமாகிக்கொண்டு வந்தது.

அந்த வாரம் சாப்பாட்டு நேரத்தில் மகன் முத்துவிடம் கேட்டாள், "ஞாயித்துக்கிழமை எங்க போறீங்க?"

"சௌல்தாரிப் பக்கம் ஒரு ஏரில பெடல் போட் விட்டுருக்காங்களாம்மா. ஒங்க பேத்தி சங்கவி கேட்டுக்கிட்டே இருக்கா."

"நானும் வாரேன்."

முத்துவின் கைச்சோறு வாய்க்குப் போகாமல் நின்றது. திருநாவுக்கரசு நிமிர்ந்தார். "ஞாயித்துக்கிழமை தண்ணி நாளுல்ல?"

"ஆமா."

"அப்ப?"

"அப்ப நீங்க இருங்க."

"எனக்கு அந்தப் பைப்பு சமாச்சாரமெல்லாம் தெரியாதுப்பா."

"ஊருக்கெல்லாம் கரண்டு குடுத்த ஆளு. ஒரு ட்ரம்முக்குத் தண்ணி குடுக்கத் தெரியாதா?"

"அத்தே, வேணும்னா அடுத்த வாரம் போவோமே" என்றாள் கார்த்திகா.

"அடுத்த வாரம் ஒனக்கு வேற சோலி வந்துரும். இந்த வாரமே."

விஷயம் கேள்விப்பட்ட எதிர் வீட்டு சம்சாத், "நான் பாத்துக்கறேன்க்கா, சாவியக் குடுத்துட்டுப் போங்க" என்றாள். "ஒன் ட்ரம்ம நீ பாரு, என் வீட்டு ட்ரம்ம அவரு பாக்கட்டும்" என்று சொல்லிவிட்டாள் ஜெயமணி. ஞாயிற்றுக்கிழமை தவறவிட்டால் வியாழக்கிழமை வரைக்கும் குளிக்க, குடிக்க, சமைக்க ஒன்றும் இருக்காது. அது அவளுக்குத் தெரியாதா? தெரிந்துதான் சொன்னாள். பிடிவாதம் என்று சொல்லுகிறவர்கள் சொல்லிக்கொள்ளட்டும்.

கிளம்புமுன் அவரை வாசலில் நிறுத்திப் பாடம் எடுத்தாள். "மொதல்ல செவப்பாத்தான் வரும், அதச் செடிக்கு விட்டுருங்க. தெளிஞ்ச பெறகு ஊதாப் பைப்பு, வாயில துணி கட்டி, குடிக்கிற குடத்துக்கு. குடம் நெறஞ்சப்புறம் பச்சைப் பைப்பு, ட்ரம்முக்கு. வெளங்குச்சா?"

"வெளங்குச்சு, வெளங்குச்சு" என்றார். பேப்பரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தாள். பாக்குத் தோட்டம் போயிற்று, வாழை போயிற்று, ஒரு திருப்பத்தில் ஏரி வந்தது. சுற்றிலும் பச்சை, நடுவில் தட்டில் ஊற்றி வைத்த மாதிரி தண்ணீர். ஜெயமணியின் வாயிலிருந்து வந்த முதல் பேச்சு, "இம்புட்டுத் தண்ணியையும் சும்மா வெச்சிருக்கானுங்களே!"

"போட்டுல ஏறதுக்கு முன்னாடியே ட்ரம்மு நெனப்பா?" என்று முத்து சிரித்தான். சங்கவி முதலை இருக்குமா என்று கேட்டாள். "ஒன் அப்பாயியப் பாத்தா அது ஓடிப்போயிரும்" என்றான். முதலைப் பயத்தில் சங்கவி ஏறமாட்டேன் என்றதால், மகளைப் பார்த்துக்கொள்கிறேன் என்று அவனும் கரையில் தங்கிவிட்டான். அம்மாவின் பையும் போனும் அவனிடம். மாமியாரும் மருமகளும் ஆரஞ்சு ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு அன்னப்பறவை மாதிரி செய்த படகில் ஏறினார்கள். படகு ஒரு பக்கம் சாய்ந்தது. ஜெயமணி "முருகா" என்றாள். மிதிக்கத் தொடங்கியதும் முருகனை விட்டுவிட்டாள்.

முழங்கால் வலிக்கத்தான் செய்தது. ஆனால் அவள் மிதிக்க மிதிக்கப் படகு போயிற்று, அவள் நிறுத்தினால் நின்றது. ஏரி நடுவுக்கு வந்ததும் சாவகாசமாகச் சொன்னாள், "எனக்கு வெளிய வர்றது ஆகாதுன்னு ஒங்க சித்திகிட்டச் சொன்னியே."

கார்த்திகாவின் கால் நின்றுவிட்டது. "அத்தே... நான் நெசமாவே அப்படித்தான் நெனச்சேன்."

"தெரியும். நான் வாரேன்னு சொன்னதில்ல, நீங்க வாரீங்களான்னு கேட்டதில்ல. மிதி, படகு சுத்துது பாரு."

அந்த நேரம் பார்த்துக் கரையிலிருந்து முத்து கத்தினான். "அம்மா! அப்பா போன்ல! தண்ணி வந்துருச்சாம்! பச்சைப் பைப்பா, ஊதாப் பைப்பா?"

ஏரி முழுக்கக் கேட்டது. அன்றைக்கு அங்கே வந்திருந்தவர்கள் எல்லாரும் வீட்டில் குழாய் வைத்து ஏங்குகிறவர்கள்தானே. பக்கத்துப் படகில் இருந்த வங்காளத்துப் பெரியவர் ஏதோ தன் வீட்டுக் காரியம் மாதிரி எழுந்து நின்றார். "பெஹ்லே லால் பானி சோட்னே கோ போலோ!" முதலில் சிவப்புத் தண்ணியை விடச் சொல்லு என்றார். இன்னொரு படகிலிருந்து ஒரு தெலுங்கு அம்மா, "கப்டா பாந்தா க்யா?" துணி கட்டினாரா என்று கேட்டாள். டிக்கெட் கொடுக்கிற மலையாளி உள்ளேயிருந்து எட்டிப் பார்த்து, பச்சைதான் பச்சைதான் என்று கை காட்டினார். அவர் வீட்டில் பச்சை போலிருக்கிறது.

"அத்தே, கரைக்குப் போயிருவோமா? மாமா பாவம்" என்றாள் கார்த்திகா.

ஜெயமணி கரையைப் பார்த்தாள். கரைக்குப் போக எத்தனை நேரமாகும், பேசி முடிக்க எத்தனை நேரமாகும், அதற்குள் தண்ணீர் நின்றுவிடும். நிற்காமல் இருந்தாலும், இன்றைக்குத் திரும்பிப் போனால் இனி ஒரு ஞாயிற்றுக்கிழமையும் அவளுக்கு இல்லை. மேட்டு வீட்டுக் குழாய் அவள் காதில் சோவென்று கொட்டியது. இடுப்பைப் பிடித்துக்கொண்டு முத்துவுக்குக் குரல் கொடுத்தாள்.

"ரெண்டு பைப்புதான் இருக்கு! ரெண்டுல ஒண்ணு சரியாத்தான் இருக்கும்னு சொல்லு! போன வையி!"

படகுகளில் சிரிப்பு எழுந்தது. வங்காளத்துப் பெரியவர் கைதட்டினார். ஜெயமணி எதிர்க்கரையைக் காட்டி, "அந்தத் தாமரை வரைக்கும் போவோம்" என்றாள். போனார்கள். அங்கே கார்த்திகா ஒரு படம் எடுத்தாள். அதில் ஜெயமணி சிரிக்கவில்லை, காலைப் பார்த்து மிதித்துக்கொண்டிருக்கிறாள்.

திரும்பும்போது பஸ் நிற்குமுன்பே அவள் எழுந்துவிட்டாள். மேடு ஏறும்போது மற்றவர்களை முந்திக்கொண்டு ஏறினாள்.

திருநாவுக்கரசு படியில் உட்கார்ந்திருந்தார். தலையிலிருந்து கால்வரை ஈரம்.

"வந்துச்சா?"

"வந்துச்சு."

ட்ரம் நிறைந்திருந்தது. குடம் நிறைந்திருந்தது. அடுக்களைக்குள் போனால் இட்லிப் பானையில் தண்ணீர், குக்கரில் தண்ணீர், டிபன் கேரியரின் ஒவ்வொரு அடுக்கிலும் தண்ணீர், வாணலியில் தண்ணீர், சங்கவியின் பள்ளிக்கூட பாட்டிலில் தண்ணீர். டம்ளர்கள் வரிசையாக நின்றன, எல்லாம் தளும்பத் தளும்ப.

"எவ்வளவு போதும்னு தெரியல. அதான் எல்லாத்துலயும் புடிச்சேன்."

ராத்திரிச் சோறு வைக்க ஒரு பாத்திரம் பாக்கி இல்லை. கார்த்திகா சிரிப்பை அடக்க வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினாள்.

"துணி கட்டுனீங்களா?" என்றாள் ஜெயமணி.

கட்டினேன் என்று காட்டினார். தீபாவளிக்கு எடுத்த பட்டுக்கரை வேட்டி. நடுவில் செம்மண் வட்டம்.

அவள் வேட்டியைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். "அடுத்த தடவை பழைய வேட்டிய எடுத்து வெச்சுட்டுப் போறேன்."

"அடுத்த தடவையா?"

ஜெயமணி ஒரு டம்ளரை எடுத்து அண்ணாந்து குடித்தாள். "தண்ணி நல்லாத்தான் புடிச்சிருக்கீங்க" என்றாள்.