தாய்மாமன் நின்ற பாயிண்ட்

மகளுக்குக் காது குத்த நாள் பார்த்தபோது முதலில் விசாரித்தது என் மைத்துனனின் ஓய்வு நாளைத்தான். அவன் மதுரையில் போலீஸ் கான்ஸ்டபிள். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். என் மனைவிக்கு உடன்பிறந்தவன் அவன் ஒருவன்தான். "அன்னைக்கு எனக்கு லீவுதான்க்கா, வந்திருவேன்" என்று சொல்லியிருந்தான்.

அதே நாளில் ஒரு தலைவர் திருமங்கலம் வழியாகப் போகிறார் என்று முந்தின நாள்தான் முடிவானது. ஓய்வுகள் ரத்தாயின. ஸ்டேஷனில் இரவுப் பணியில் இருந்த அவனையும் மற்றவர்களையும் விடியும் முன்பே அப்படியே வேனில் ஏற்றி, நெடுஞ்சாலையில் பாதுகாப்புக்கு இறக்கிவிட்டார்கள். விடிந்ததும் மாற்று ஆள் வந்துவிடுவார், கோயிலுக்கு வந்துவிடுகிறேன் என்றான். மாற்று ஆளை வேறெங்கோ அனுப்பிவிட்டார்கள்.

எங்கள் குலதெய்வக் கோயில் அங்கிருந்து இரண்டு ஊர் தள்ளி. ஒன்பது மணியோடு நல்ல நேரம் முடிகிறது. கோயிலில் இருந்த என் மனைவியிடம் அவன் போனில் இதைச் சொன்னான். அவள் போனை வைத்துவிட்டு, மொட்டை போட்டுச் சந்தனம் பூசியிருந்த குழந்தையைத் தூக்கிக்கொண்டு நாங்கள் வந்திருந்த வேனில் ஏறினாள்.

"அவன் வர முடியாட்டி என்ன, நாம போவோம்."

காது குத்த வந்திருந்த ஆசாரியும் பின்னாலேயே ஏறினார்.

அவன் காவலுக்கு நின்ற பாயிண்ட், ஒரு கிராமச் சாலை நெடுஞ்சாலையில் சேரும் இடம். ஒரு இரும்புத் தடுப்பு, ஒரு டீக்கடை. கூட நின்றவர் ஓய்வு பெறும் வயதை நெருங்கிய ஏட்டு. அவரும் அவனோடு அதே போலீஸ் வேனில் வந்து இறங்கியவர்தான்.

"ஏட்டய்யா, ஒரு பத்து நிமிஷம்..." என்று மைத்துனன் இழுத்தான்.

"போப்பா. ரோடு எங்கயும் ஓடிராது. நான் நிக்கிறேன்."

டீக்கடைக்காரர் சுவரோரம் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டார். ஆசாரி காக்கிச் சட்டையைப் பார்த்துத் தயங்கினார்.

"கை தவறி உங்க மேல பட்டுச்சுன்னா கேஸ் போட மாட்டீகளே?"

"குத்துங்கண்ணே. எனக்கே சேத்துக் குத்துனாலும் தெரியாது" என்றான் மைத்துனன்.

விளையாட்டுக்குச் சொல்கிறான் என்று நினைத்தேன். குழந்தையை மடியில் வாங்கி இரு கைகளாலும் அணைத்துப் பிடித்தான். ஆசாரி ஊசியைத் துடைத்து நிமிர்வதற்குள் அவன் தலை சுவரில் சாய்ந்துவிட்டது. வாய் லேசாகத் திறந்திருந்தது.

வலது காதில் ஊசி இறங்கியது. குழந்தை அலறிய அலறலில் டீக்கடையில் இருந்தவர்கள் எழுந்து நின்றுவிட்டார்கள். அவன் விழிக்கவில்லை. குழந்தை முறுக்கிக்கொண்டு துள்ளியது. அதன் கால் அவன் வயிற்றில் உதைத்தது. கைகள் தளரவில்லை. குழந்தை துள்ளத் துள்ள அவை இன்னும் இறுகின. பத்திரிகை நிருபராக எத்தனையோ இடங்களுக்குப் போயிருக்கிறேன். ஆள் தூங்க, கை மட்டும் விழித்திருந்ததை அன்றுதான் பார்த்தேன்.

இடது காதும் முடிந்தது. மனைவி தம்பியின் தோளைத் தொடப் போனாள். தடுப்பருகில் இருந்த ஏட்டு கையை உயர்த்தினார்.

"எழுப்பாதீகம்மா. தலைவரோட கான்வாய் வர நேரமிருக்கு."

மனைவி கையை இழுத்துக்கொண்டாள். குழந்தையின் அழுகை விசும்பலாகக் குறைந்தது. அப்போது ஏட்டின் வாக்கி டாக்கி கரகரத்து, அந்த பாயிண்டின் எண்ணைக் கூப்பிட்டது. குரல் முடிவதற்குள் மைத்துனன் எழுந்து நின்றிருந்தான், குழந்தையை நெஞ்சோடு சேர்த்தபடி. கண்கள் அதற்குப் பிறகுதான் திறந்தன.

குழந்தையை அக்காவிடம் கொடுத்துவிட்டு ஓடியவன், பாதியில் திரும்பினான்.

"என்னக்கா பாத்துக்கிட்டே நிக்கிற? நேரம் போகுதுல்ல, சீக்கிரம் குத்தச் சொல்லு!"

"குத்தியாச்சுடா. உன் மடியிலதான்."

அவன் குனிந்து தன் சட்டையைப் பார்த்தான். காக்கி மார்பு முழுக்கச் சந்தனம் அப்பியிருந்தது. தட்டிவிடக் கையைக் கொண்டுபோனவன், விட்டுவிட்டு அப்படியே தடுப்புக்குப் போய் நின்றான்.